மடியில கம்ப்யூட்டர்... வழியில பயம்!

தோளில் தொங்குகிற பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், சார். இருக்கிறதா? கனமாகவும் இருக்கிறதா? ரொம்ப சந்தோஷம். சில பேருக்குப் பை இருக்கும், கனம் இருக்காது. ஜிப் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, உள்ளே டிபன் பாக்ஸும் சார்ஜரும் மட்டும் பரிதாபமாகப் பார்க்கும்!

'மடியில் கனமிருந்தால் வழியில் பயம்' என்று நம் பாட்டிகள் சொன்ன காலத்தில் லேப்டாப் கிடையாது. பிற்பாடு அதற்கு 'மடிக்கணினி' என்று பெயர் சூட்டிய புண்ணியவான்கள் பழமொழியை மனதில் வைத்துத்தான் சூட்டினார்களோ என்னவோ, கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

திங்கட்கிழமை காலை தேன்கனிக்கோட்டை பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். பத்து இளைஞர்கள் நின்றால் பாதிப் பேர் முதுகில் கறுப்புப் பை. ஓசூர் சுமார் 25 கிலோமீட்டர். அங்கே சிப்காட்டில் வேலை என்றால் பிழைத்தார்கள். எலக்ட்ரானிக் சிட்டி என்றால் ஓசூரில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி, ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று நெரிபட்டுக்கொண்டே போக வேண்டும். சாயங்காலம் அதே வழியில் ரிட்டர்ன், இந்த முறை தூங்கிக்கொண்டு. ஒரு நாளைக்கு நாலு பஸ், நாலு முண்டியடிப்பு.

காட்டை ஒட்டிய ஊர் அது. யானை வந்தால் தாரை தப்பட்டையோடு ஊரே எழுந்துகொள்ளும். ஆனால், பைக்குள்ளிருந்து லேப்டாப் போகிறபோது பக்கத்தில் நிற்பவருக்குக்கூடச் சத்தம் கேட்காது.

நம் ஊர் பஸ்ஸுக்கென்று சில சம்பிரதாயங்கள் உண்டு. அதில் முதலாவது, ஜன்னல் வழியாகச் சீட் பிடிப்பது. பஸ் இன்னும் நிற்கக்கூட இல்லை, நம்ம ஆள் கூடவே ஓடி, கையில் இருப்பதை ஜன்னலுக்குள் வீசுவார். துண்டு போட்டார்கள், கர்ச்சீப் போட்டார்கள், சரி. இப்போது அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பையும் அதே வேகத்தில் வீசுகிறார்கள்! அவர் படியில் தொங்கிக் கூட்டத்தைப் பிளந்து உள்ளே வருவதற்குள் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அதற்குள் அந்தப் பை மறுபக்க ஜன்னல் வழியாக இறங்கிப் போகவும் நேரம் இருக்கிறது. சீட் கிடைத்த சந்தோஷத்தில் உட்காருவார். பைதான் இருக்காது.

இரண்டாவது சம்பிரதாயம், "சார், இதைக் கொஞ்சம் வெச்சுக்குங்க" என்று உட்கார்ந்திருப்பவர் மடியில் பையைக் கொடுத்துவிட்டு நிற்பது. வெளிநாட்டுக்காரன் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவான். ஆனால், என்னைக் கேட்டால் இது அத்தனை மோசமில்லை. பை உங்கள் கண் முன்னால், இரண்டடியில் இருக்கிறது. அவர் எழுந்தால் உங்களை இடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். தலைக்கு மேலே கம்பித் தட்டில் வைத்துவிட்டு நாலு வரிசை தள்ளிப் போய்க் கொட்டாவி விடுவதைவிட இது எவ்வளவோ தேவலை. தட்டுதான் ஆபத்து. அதிலிருந்து ஒருவர் நிதானமாகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினால், அது அவருடையது என்றுதான் பஸ்ஸே நினைக்கும். 'ஏய்' என்று கேட்க உரிமையுள்ள ஒரே ஆள் தூங்கிக்கொண்டிருப்பார்.

நின்றுகொண்டு போகிறவர்கள் பையை முன்பக்கம், வயிற்றோடு மாட்டிக்கொள்ளட்டும். அஞ்சு மாசம் மாதிரி இருக்கும், நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சார். முதுகுப் பையின் ஜிப் உங்களைத் தவிர பஸ்ஸில் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

பை என்றதும் இன்னொரு விஷயம். வேலையில் சேர்ந்த அன்று கம்பெனி ஓசியில் ஒரு பை கொடுக்கும். முன்பக்கம் அரையடிக்குக் கம்பெனி பெயர். கழுத்தில் பட்டை நாடா, அதிலும் கம்பெனி பெயர், கீழே போட்டோ, எம்ப்ளாயி நம்பர். 'உள்ளே லேப்டாப் உள்ளது, எடுத்துப் பயன்பெறுக' என்று எழுதவில்லை, அவ்வளவுதான் பாக்கி! ஆபீஸ் வாசலைத் தாண்டியதும் நாடாவைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது பிளாஸ்டிக்கை ஒழிக்கத்தான். ஆனால், லேப்டாப்பை ஓர் உறையில் போட்டு, அதை மஞ்சப்பைக்குள் இறக்கி, மேலே ரெண்டு கீரைக்கட்டு தெரியும்படி வைத்தால் எந்தத் திருடனாவது சீண்டுவானா? (கீரையில் தண்ணீர் சொட்டினால் நான் பொறுப்பில்லை.)

திருடன் என்றதும் பத்திரிகை ஜோக்கில் வருகிற கோடு போட்ட பனியன், கன்னத்தில் மரு, கையில் கன்னக்கோல் ஆசாமியை நினைத்துக்கொள்ளக் கூடாது. 2024 மார்ச்சில் பெங்களூரு போலீஸார் ஒரு கைது செய்தார்கள். பேயிங் கெஸ்ட் விடுதிகளில் களவு போன 24 லேப்டாப்கள் சிக்கின. மதிப்பு சுமார் 10 லட்ச ரூபாய். பிடிபட்டவர் படித்த, ஏற்கெனவே வேலை பார்த்த ஓர் இளம்பெண். அறையில் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து நுழைந்ததாகப் போலீஸ் சொன்னது. பூட்டை உடைக்கவில்லை, கூரையைப் பிரிக்கவில்லை. அறைவாசி மாதிரியே நடந்து போனால் யார் கேட்கப் போகிறார்கள்? ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்து, காற்று வரட்டும் என்று கதவைத் திறந்து போட்டுக் குளிக்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

இந்தத் தொழிலில் பலம் தேவையில்லை. தேவையானதெல்லாம் உங்கள் கவனம் அஞ்சு செகண்ட் வேறு பக்கம் போக வேண்டும். அதற்கென்றே நாடகம் வைத்திருக்கிறார்கள். டீக்கடையில் நிற்கிறீர்கள். "சார், பத்து ரூபா நோட்டு கீழ விழுந்துடுச்சு பாருங்க." குனிகிறீர்கள். முடிந்தது கதை. அந்தப் பத்து ரூபாயும் உங்களுடையதில்லை, அவர் போட்ட மூலதனம்! சட்டையில் ஏதோ அசிங்கம் பட்டிருக்கிறது என்று ஒருவர் துடைத்து விடுவார். இன்னொருவர் "வண்டியில ஆயில் ஒழுகுது" என்று கார்க்காரரை இறக்குவார். பின் சீட்டில் பை. மனிதர்கள் மாறுவார்கள், கதை ஒன்றே.

பெரிய மனிதர்களும் இதில் தப்பவில்லை. செல்போன் உலகத்தையே ஆட்டிவைக்கிற குவால்காம் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவர் இர்வின் ஜேக்கப்ஸ். 2000 செப்டம்பரில் அமெரிக்காவில் இர்வைன் நகரத்து ஓட்டலில் பத்திரிகையாளர்கள் மாநாடு. பேசி முடித்துவிட்டு, கேள்வி கேட்டவர்களோடு சுமார் 30 அடி தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் லேப்டாப் அவுட்! கம்பெனியின் ரகசியங்கள் அதில் இருந்தன. கூடியிருந்தவர்களோ செய்தி தேடி அலைகிற நிருபர்கள். அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால் நடந்த செய்தியை ஒருவரும் பார்க்கவில்லை.

இதே வித்தையைப் போலீஸே செய்து காட்டியது இன்னும் சுவாரஸ்யம். இன்டர்நெட்டில் 'சில்க் ரோடு' என்ற போதை மருந்துச் சந்தையை நடத்தியவர் ராஸ் உல்பிரிக்ட். 2013 அக்டோபர் 1-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தார். எஃப்.பி.ஐ.க்கு அவரைப் பிடிப்பது பெரிய விஷயமில்லை. மூடாத, பூட்டாத நிலையில் அந்த லேப்டாப் வேண்டும். மூடிவிட்டால் உள்ளே இருப்பது எல்லாம் சங்கேதமாகிவிடும், ஒரு எழுத்து படிக்க முடியாது. என்ன செய்தார்கள்? அவருக்குப் பின்னால் ஓர் ஆணும் பெண்ணும் காதலர்கள் மாதிரி சண்டை போட்டார்கள். அவர் திரும்பினார். எதிரில் இருந்தவர் லேப்டாப்பை அப்படியே இழுத்துக்கொண்டார். ஆயுள் தண்டனை பெற்று, 2025 ஜனவரியில் மன்னிப்பில் வெளியே வந்தார் மனிதர். ஒரு காதல் சண்டையை வேடிக்கை பார்த்ததற்கு இத்தனை வருஷம்!

இதில் நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூடிய லேப்டாப் போனால் போவது ஓர் இயந்திரம். திறந்து கிடக்கும் லேப்டாப் போனால் போவது நீங்கள்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் மெயில் திறந்தபடி இருக்கிறது. பேங்க் பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டரே ஞாபகம் வைத்திருக்கிறது. ஆதார், பான் அட்டை, சம்பளச் சீட்டு எல்லாம் 'டெஸ்க்டாப்'பில் வரிசையாக. போதாததற்குக் கம்பெனியின் கஸ்டமர் பட்டியல். 2006 மே மாதம் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் துறை ஊழியர் ஒருவர் வீட்டில் திருட்டு. போன லேப்டாப்பும் டிஸ்க்கும் சில ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். அதில் இருந்ததோ 2 கோடியே 65 லட்சம் பேரின் விவரம்! அடுத்த மாதமே பொருள் கிடைத்துவிட்டது, யாரும் விவரங்களைத் திறந்து பார்க்கவில்லை என்றும் சொன்னார்கள். அப்படியும் 2009-ல் 2 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடிக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரங்களைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதத்தை எழுதி வைத்திருக்கிறது. உங்கள் மேனேஜர் லேப்டாப்பைப் பற்றிப் பேசும்போது ஏன் அப்படி முறைக்கிறார் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆகவே, இன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். விண்டோஸ் என்றால் 'பிட்லாக்கர்' அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்', ஆப்பிள் என்றால் 'ஃபைல்வால்ட்'. செட்டிங்ஸில் தேடி, ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், ஸ்க்ரூ டிரைவரால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் திருடனுக்குக் குப்பைதான் தெரியும். பிட்லாக்கருக்கு 48 இலக்கத்தில் ஒரு மீட்புச் சாவி உண்டு. அதைத் தாளில் எழுதி லேப்டாப் பையிலேயே வைக்காதீர்கள். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிய கதையாகிவிடும். பாஸ்வேர்டைத் திரைக்குக் கீழே மஞ்சள் சீட்டில் ஒட்டியிருப்பவர்களுக்கு நான் எதுவும் சொல்வதாக இல்லை. 'விண்டோஸ்' பட்டனோடு 'எல்' தட்டினால் திரை பூட்டிக்கொள்ளும். டீ குடிக்க எழுந்தால்கூட அதைத் தட்டிவிட்டு எழுவது, செருப்பு மாட்டுவது மாதிரி கை தானாகச் செய்ய வேண்டும். 'ஃபைண்ட் மை டிவைஸ்' வசதியையும் போட்டு வையுங்கள். ஆனால், அதை நம்பி இருக்காதீர்கள். திருடன் இன்டர்நெட்டில் இணைத்தால்தான் அது வாய் திறக்கும்.

கம்பிப் பூட்டு என்று ஒன்று விற்கிறது. சைக்கிளுக்குச் செயின் போடுவது மாதிரி, லேப்டாப் ஓரத்தில் உள்ள சின்னத் துளையில் மாட்டி மேஜைக் காலில் சுற்றிவிடலாம். காபி கடைக்கும் லைப்ரரிக்கும் ரூமுக்கும் நல்லது. வாங்குவதற்கு முன் உங்கள் லேப்டாப்பில் அந்தத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வருகிற ஒல்லிக்குச்சி மாடல்கள் பலவற்றில் இல்லை.

2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை திறந்த பிறகு, நம் பக்கத்துப் பையன்கள் பலர் அங்கே இறங்கி ரயில் மாறுகிறார்கள். ஸ்டேஷன் வாசலில் பை ஒரு பக்கம் எக்ஸ்ரே பெல்ட்டில் போகும், நீங்கள் இன்னொரு பக்கம் கையைத் தூக்கி நிற்பீர்கள். முன்னால் நிற்பவர் பாக்கெட்டிலிருந்து சாவி, சில்லறை என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நின்றால், உங்கள் பை உங்களுக்கு முன்னால் அந்தப் பக்கம் போய் அநாதையாகக் காத்திருக்கும். முன்னால் இருப்பவர் உள்ளே போன பிறகு பையைப் பெல்ட்டில் வையுங்கள். பின்னால் நிற்பவர் "சீக்கிரம் சார்" என்றால் சிரித்துவையுங்கள்.

*

சரி, இத்தனைக்கும் பிறகு போயே விட்டது என்று வையுங்கள். இங்கேதான் எல்லையோரத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல். நம்ம ஊரில் "திருடன்" என்று தமிழில் கத்தலாம், "தொங்கா" என்று தெலுங்கில் கத்தலாம், "கள்ளா" என்று கன்னடத்தில் கத்தலாம். மூன்றும் எல்லோருக்கும் புரியும். ஆனால், எந்த மாநிலத்துப் போலீஸிடம் கத்துவது?

இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

"எங்கேய்யா போச்சு?"

"தெரியல சார். எலக்ட்ரானிக் சிட்டியில ஏறும்போது இருந்துச்சு. கோட்டையில எறங்கினா இல்ல."

"அப்ப அது கர்நாடகா. அங்க போய்க் குடு."

அங்கே போனால், "ஓசூர் தாண்டித்தானே பார்த்தீங்க? அப்ப தமிழ்நாடு."

இனி அப்படி யாரும் பந்தாட முடியாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்பார்கள். அவர்கள் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் போன்ற வழிகளில் அனுப்பினாலும் செல்லும், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அதே சட்டத்தின் 203-வது பிரிவு இன்னும் அழகு. பயணத்தில் நடந்த குற்றத்தை, அந்தப் பயணம் கடந்து வந்த எந்த ஊர் கோர்ட்டிலும் விசாரிக்கலாம். பழைய சட்டத்திலேயே இருந்த ஏற்பாடுதான் இது. பஸ்ஸில் தூங்குகிற மனிதனைப் பற்றிச் சட்டம் எழுதியவர்கள் எப்போதோ யோசித்திருக்கிறார்கள்!

புகார் கொடுத்ததும் கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு திருப்திப்பட்டுத் திரும்பாதீர்கள். அது புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு. இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்பது எஃப்.ஐ.ஆர். உங்கள் கம்பெனியும் அதையேதான் கேட்கும். திருட்டு மாதிரிக் குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதித் தபாலில் அனுப்பலாம். "காணாமல் போய்விட்டது" என்று எழுதச் சொன்னால், திருடு போயிருந்தால் "திருடு போய்விட்டது" என்றே எழுதுங்கள். இரண்டு வார்த்தைக்கும் நடுவே ஒரு வழக்கே இருக்கிறது. பயணிகள் வாகனத்தில் திருடினால் பி.என்.எஸ். 305-வது பிரிவின்படி ஏழு வருஷம் வரை தண்டனை. 'காணாமல் போவதற்கு' யாருக்கும் தண்டனை கிடையாது.

புகாரோடு பஸ் டிக்கெட்டையும் இணையுங்கள். இறங்கியதும் கசக்கிப் போடுகிறோமே, அந்தத் துண்டுக் காகிதத்தில் எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு எல்லாம் இருக்கிறது. எந்த கேமராவில் எந்த நேரத்தைப் பார்ப்பது என்று போலீஸுக்குத் தெரிய அது உதவும். கேமரா பதிவுகள் சில நாளில் தானாக அழிந்து புதிது ஏறிவிடும். அதனால் 'ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிக்கலாம்' வேலைக்கு ஆகாது. அவசரத்துக்கு 112, இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நம்பர். ரயிலில் என்றால் 139.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியிலேயே இன்னொரு வேலை. ஆபீஸுக்குப் போன் செய்து சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று ராத்திரி முழுக்க மென்று முழுங்கிவிட்டுக் காலையில் சொல்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் பிரிவு உடனே உங்கள் கணக்கை மூடிவிடும், லேப்டாப் இணையத்துக்கு வந்தால் உள்ளே இருப்பதைத் தூரத்திலிருந்தே அழித்துவிடும். உங்கள் சொந்த மெயிலின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், பேங்க் அதற்குப் பிறகு. மற்ற எல்லாக் கதவுக்கும் சாவி மெயிலில்தான் வருகிறது. பணம் போனால் 1930.

செல்போனுக்கு ஐ.எம்.இ.ஐ. நம்பர் இருக்கிறது, 'சஞ்சார் சாத்தி'யில் பதிந்தால் நாடு முழுக்க முடக்கிவிடலாம். லேப்டாப்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அடிப்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கும் சீரியல் நம்பர்தான் அதன் ஜாதகம். போன பிறகு அடிப்பக்கத்தை எங்கே போய்த் திருப்பிப் பார்ப்பது? இப்போதே போனில் ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள், பில்லையும் சேர்த்து.

திருடு போன சரக்கு வானத்தில் கரைந்துவிடுவதில்லை. "புது மாடல், பத்தாயிரம்தான், பில் மட்டும் இல்ல மச்சான்" என்று உங்களிடமே வரலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலேயே, பள்ளி அறைப் பூட்டை உடைத்து அள்ளிக்கொண்டு போன செய்திகள் பல ஊர்களிலிருந்து வந்தன. யாரோ வாங்கத்தானே திருடினார்கள்? திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகிக்கக் காரணம் இருந்தும் வாங்கினாலோ பி.என்.எஸ். 317-வது பிரிவின்படி மூன்று வருஷம் வரை உள்ளே. பில் இல்லாத பத்தாயிரம் ரூபாய் லேப்டாப்பை விட அதுவே ஒரு நல்ல காரணம் என்று கோர்ட் நினைக்கலாம்.

சில அதிர்ஷ்டசாலிகளுக்குப் பொருள் கிடைத்தும் விடுகிறது. ஆனால், போலீஸ் கையில் கொடுத்து அனுப்பிவிட மாட்டார்கள். அது வழக்குச் சொத்து. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். இப்படிப்பட்ட பொருள்களை ஸ்டேஷனில் மாதக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது, பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம் என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. வக்கீல் அதைச் சொல்லி வாதாடுவார். அதற்கு முன்னால் உங்களைப் பார்த்து, "பில் யார் பேர்ல தம்பி இருக்கு?" என்று கேட்பார்.

கம்பெனி லேப்டாப் என்றால் கம்பெனி பெயரில்! அப்படியானால் 'இன்னாரிடம் ஒப்படைக்கலாம்' என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், முத்திரையோடு. லீகலில் பார்த்து, ஃபைனான்ஸில் பார்த்து, ஹெச்.ஆரில் கையெழுத்தாகி வர வேண்டும். அது வந்து சேரும் வேகத்தைப் பார்த்தால், திருடனைப் பிடித்த போலீஸாருக்கு ஒரு சல்யூட் அடிக்கத் தோன்றும்.